மூன்று மணித் தண்ணீர்

சறுக்குமரத்தின் உச்சியில் உட்கார்ந்து, புடவைக் கொசுவத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்து, காஞ்சனா ஒரு முறை வலப்பக்கமும் ஒரு முறை இடப்பக்கமும் பார்க்கிறார். பெரிய சாலையைக் கடக்கப் போகிறவர் பார்ப்பதைப் போல. பிறகு கைகளை விடுகிறார். எண்பத்தாறு கிலோ எடை சர்ரென்று தகரத்தில் இறங்கி மணலில் வந்து நிற்கிறது. எழுந்து, பின்பக்கத்து மணலைத் தட்டிக்கொண்டே, "ரெண்டாவது ஜாயின்ட்டுல இஸ்குரு தூக்கிக்கினு கீது. பொடவைய இஸ்துச்சி. புள்ளைங்க வர்றதுக்குள்ள அட்ச்சி எறக்கிடு" என்கிறார் தோட்டக்காரரிடம். மணி காலை ஐந்தே முக்கால். சித்தூரில் பால் பாக்கெட் வண்டிகள்கூட இன்னும் சந்துகளுக்குள் திரும்பவில்லை.

ஊரில் பதினான்கு பூங்காக்கள். ஒரு நாளைக்கு இரண்டு என்று, வாரத்துக்குள் எல்லா ஊஞ்சலிலும் எல்லாச் சறுக்குமரத்திலும் அவர் ஒரு முறை ஏறி இறங்கிவிடுகிறார். சீசாதான் கொஞ்சம் சிரமம். மறுமுனையில் தோட்டக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து உட்கார வேண்டும். "நான் ஒக்காந்து தாங்கிச்சின்னா எந்தப் புள்ள ஒக்காந்தாலும் தாங்கும். எஞ்சினீரு சர்ட்டிபிகெட்டு எதுக்கு? நானே சர்ட்டிபிகெட்டு."

மாநகராட்சிக் கோப்பில் அவருடைய பதவிக்கு ஒன்றரை வரி நீளமுள்ள பெயர் இருக்கிறது. பூங்காக்கள், ஷட்டில் கோர்ட்டுகள், ஓபன் ஜிம்கள், கேரம் ஹால், நீச்சல் குளம் எல்லாம் அதற்குள் வருகின்றன. அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. ஊருக்கு அவர் பார்க்கு மேடம். நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே, கரும்பும் நெல்லும் விளையும் ஒரு கிராமத்தில் பிறந்தவர். தாவரவியல் படித்து, தேர்வு எழுதி இந்த வேலைக்கு வந்து இருபத்து மூன்று வருடம் ஆகிறது. தமிழில் அவர் தொடங்கும் வாக்கியம் பாதி வழியில் தெலுங்குக்குள் இறங்கிவிடும்; முடியும்போது எந்த மொழியில் முடிந்தது என்று கேட்டவருக்கும் தெரியாது. கோபம் வந்தால் மட்டும் முழுக்கத் தமிழ்.

அறிவிப்புப் பலகைகளோடு அவருக்கு ஒரு பழைய பகை. புல் மேல் நடக்காதீர், பூப் பறிக்காதீர், குளிக்காதீர் என்று வந்து இறங்கிய பலகைகளில் பாதியைக் கிடங்கிலேயே சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறார். "செய்யாதன்னு போர்டு வெச்சா, அந்த எடத்துலயே நாலு பேரு வந்து செஞ்சி பாப்பாங்க. எப்ப செய்லாம்னு போட்டா டைம் பாத்துக்கினு பூடுவாங்க." அதனால் பெரிய பூங்காவின் புல்தரையில் இப்படி எழுதியிருக்கிறது: 'காலை பத்து மணிக்கு மேல் புல்லில் நடக்கலாம்.' பத்து மணிக்கு மேல் அந்த வெயிலில் யாரும் நடப்பதில்லை. புல் நன்றாக இருக்கிறது.

எல்லா யோசனைகளும் இப்படிப் பலிப்பதில்லை. வேப்பமரத்தடி பெஞ்சுக்காக ஓய்வுபெற்ற இரண்டு பேர் தினமும் சண்டை போட்டார்கள். இன்னொரு பெஞ்சு வரவழைத்து, முதுகோடு முதுகு ஒட்டிப் போட்டார். அன்றிலிருந்து இரண்டு பேரும் அங்கே உட்காருவதில்லை. ஒருவரை ஒருவர் பார்க்காமல் என்ன சண்டை, என்ன சுகம்? இப்போது இரண்டு பெஞ்சிலும் நாய்கள் படுத்துக்கொள்கின்றன. காஞ்சனா அந்தப் பக்கம் போகும்போது தலையைத் திருப்பிக்கொள்கிறார்.

பூங்கா பெஞ்சில் காஞ்சனா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பையிலிருந்து வறுத்த வேர்க்கடலையை எடுத்து நின்றுகொண்டேதான் தின்பார். "நான் ஒக்காந்து துன்னா, மேடம் வேலைய வுட்டுட்டு ஓபி அட்சிக்கினு கீதுன்னு போட்டோ புட்ச்சி க்ரூப்புல போட்டுருவாங்க. நின்னுக்கினு துன்னா இன்ஸ்பெக்சனு."

இவ்வளவும் தரையில் நடக்கிற காஞ்சனா. தண்ணீர் என்று வந்துவிட்டால் அவர் வேறு ஆள்.

சின்ன வயதில் அவர்கள் நிலத்தில் இரண்டு கிணறுகள் இருந்தன. அண்ணன்மார் இரண்டு பேரும் மோட்டார் மேடையிலிருந்து தலைகீழாகக் குதிப்பார்கள். பெண் பிள்ளைகள் இறங்கக் கூடாது என்பது நைனா போட்ட சட்டம். அண்ணன்மாரின் சட்டைகளை மண் படாமல் பிடித்துக்கொண்டு மேலே நிற்பதுதான் காஞ்சனாவின் வேலை. "சட்டைய புடிச்சிக்கினு நின்னேன் பாரு, அதான் எனக்குத் தெரிஞ்ச நீச்சலு" என்பார். அப்படி எட்டிப் பார்த்துப் பார்த்தே தண்ணீர் என்றாலே பயம் என்று ஆகிவிட்டது. நீச்சல் குளத்தின் பொறுப்பு கைக்கு வந்த பிறகும் ஏழு வருடம் அதன் விளிம்பிலிருந்து இரண்டு கை தூரம் தள்ளித்தான் நடந்தார். குளோரின் சோதிக்க வேண்டுமானால் உயிர்காப்பாளர் நாகேந்திரன் ஒரு வாளியில் மொண்டு வந்து வைக்க வேண்டும்.

இப்படிப்பட்டவர்தான் போன வருடம் மார்ச்சில், பெண்களுக்கென்று தனியாக ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினார். மதியம் மூன்றிலிருந்து நான்கு. குளத்தைச் சுற்றிப் பச்சை வலை கட்டினார். 'பெண்கள் மூன்று மணிக்கு நீந்தலாம்' என்று பலகை வைத்தார். மூன்று வாரம் போயிற்று. ஒருவரும் வரவில்லை. மூன்று மணிக்குக் குளத்துத் தண்ணீர் வெயிலில் தனியாக மினுங்கிக்கொண்டு கிடந்தது.

மேலதிகாரி தாமோதரன் கெட்டவர் அல்ல. ஒரு மேஜை, நாற்பது தலைவலி என்று இருப்பவர். கூப்பிட்டுச் சொன்னார்: "மேடம், கோச்சிங் கேம்ப் பசங்க அந்த டைம கேட்டுக்கினு கீறாங்க. மாசம் முடியட்டும். ரிஜிஸ்டர்ல ஒரு பேராவது இருந்தா நான் பேசறேன். காலி ரிஜிஸ்டர காட்டி நான் இன்னான்னு பேசறது, செப்பண்டி?"

காஞ்சனா நடைபாதைகளில் பெண்களைப் பிடித்துப் பிடித்துக் கேட்டார். தலை நனைந்தால் ராத்திரிக்குள் காயாது என்றார் ஒருவர். மாமியார் கேட்டால் என்ன சொல்வது என்றார் இன்னொருவர். அந்த உடுப்பா, ஐயய்யோ என்று மூன்று பேர் சிரித்தார்கள். பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் சந்தியா மட்டும் சிரிக்காமல் திருப்பிக் கேட்டாள்: "நீங்க எறங்கிப் பாத்தீங்களா மேடம்?"

காஞ்சனா கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார். யாருக்கும் பதில் சொல்லாமல் திரும்பி வந்தது அன்றுதான் முதல் முறை என்று அவரே சொல்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கணவர் ஹரிபாபுவிடம் "மலைக்குப் போய்ட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் திருப்பதிக்குப் பஸ் ஏறினார். ரயில் நிலையத்தின் பக்கம் விளையாட்டுச் சாமான் விற்கும் ஒரு கடை. கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு கடைக்காரர் கேட்டார்.

"ஸ்விம்மிங் டிரெஸ்ஸா? பாப்பாக்கா மேடம்? வயசு எத்தன?"

"நாப்பத்தொம்பது."

கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு ஏணி போட்டுப் பரணில் ஏறினார். பெங்களூரிலிருந்து யாருக்கோ வரவழைத்து அவர் வாங்காமல் போன ஒன்று, கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடுகிற கருநீல நைலான் உடுப்பு, நான்கு வருடத் தூசியோடு கீழே வந்தது. பிரித்துப் பிடித்துப் பார்த்தபோது காஞ்சனாவுக்கே சிரிப்பு வந்தது.

ஆனால் சாமி பெயரைச் சொல்லிப் பொய் சொல்லியாயிற்றே. அது நெஞ்சில் உறுத்தியது. அலிபிரி வரை ஆட்டோ பிடித்துப் போய், படிக்கட்டுத் தொடக்கத்தில் ஒரு தேங்காய் உடைத்து, மலையை நிமிர்ந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினார். பாதி உண்மையாவது ஆகட்டும் என்று.

வீட்டில் ஹரிபாபு கேட்ட முதல் கேள்வி: "லட்டு எங்க?"

"கூட்டம்னா கூட்டம். அலிபிரியோட திரும்பிட்டேன்."

மறுநாள் மாலை மாடியில் துணி எடுக்கப் போன ஹரிபாபு, கொடியில் தொங்கிய கருநீலப் பொருளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். "ஏய், இது இன்னா? ஸ்கூட்டருக்குக் கவரா?" காஞ்சனா எல்லாவற்றையும் சொன்னார். ஹரிபாபு சிரித்து முடிக்க நேரம் பிடித்தது. முடித்துவிட்டு, "மூக்க புடிச்சிக்கோ" என்று மட்டும் சொன்னார்.

முதல் நாள் சங்கடம் வேறு வகையில் வந்தது. உயிர்காப்பாளர் இல்லாமல் யாரும் குளத்தில் இறங்கக் கூடாது. ஊரில் இருந்த ஒரே உயிர்காப்பாளர் ஆண். கடைசியில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். நாகேந்திரன் வலைக்கு வெளியே குளத்துக்கு முதுகு காட்டி ஸ்டூலில் உட்கார வேண்டும். காஞ்சனா நிமிடத்துக்கு ஒரு முறை குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் அவர் ஓடி வர வேண்டும்.

"நாகேந்திரா!"

"மேடம்?"

"கீறேன்!"

இப்படி நாற்பது முறை. மூன்றரை அடித் தண்ணீரில், சுவரோரக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நாற்பது நிமிடம் நின்றுவிட்டு ஏறி வந்தார். வருகைப் பதிவேட்டில் தன் பெயரைத் தானே எழுதினார். கண்காணிப்பாளர் கையெழுத்துக்கான இடத்திலும் தானே கையெழுத்துப் போட்டார். அன்று மூன்று மணிக்கு ஒரு பெண் வந்திருந்தார் என்பது ஊருக்கு எழுத்தில் ஆயிற்று.

நான்காம் நாள் கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்துப் பார்த்தார். தைரியம் வந்து இரண்டாவது கையையும் எடுத்தார். கால் வழுக்கிவிட்டது. இடுப்பளவுத் தண்ணீரில் ஒருவர் முங்க முடியுமா என்று கேட்கலாம். பயந்தவர் முங்க அது போதும். எழ முயன்றபோதெல்லாம் கால் முன்னால் ஓடியது. வாய்க்குள் தண்ணீர் போனது. மேலே வெயில் உடைந்து உடைந்து தெரிந்தது. அண்ணன்மாரின் சட்டை கைநழுவிக் கிணற்றுக்குள் விழுகிற மாதிரி இருந்தது என்கிறார்.

குரல் வராததைக் கேட்டு நாகேந்திரன் எழுந்து ஓடிவந்தார். பார்க்கக் கூடாது என்ற மரியாதையில் கண்ணை மூடிக்கொண்டு ஓடிவந்ததால் வலைக் கம்பத்தில் போய் மோதிக்கொண்டார். அதற்குள் உடை மாற்றும் அறைப் பக்கம் வேப்பஞ்சருகு பெருக்கிக்கொண்டிருந்த மணியம்மா துடைப்பத்தை வீசிவிட்டுப் புடவையோடு குதித்திருந்தார். காஞ்சனாவின் கொண்டையைப் பிடித்து ஒரே இழுப்பு. கம்பியில் கொண்டுவந்து சாத்தினார்.

"இன்னா மேடம், நின்னாவே தலை வெளிய கீற தண்ணில போய் முயுவுறீங்க?"

காஞ்சனா இருமிக்கொண்டிருந்தார். மணியம்மா கரையேறப் போனவர், ஒரு கணம் தயங்கி, எட்டடி ஆழத்தின் பக்கம் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு அந்தப் பக்கம் தாவினார். நனைந்த புடவையோடு, ஓசையே இல்லாமல், இருபத்தைந்து மீட்டரும் போய்ச் சுவரைத் தொட்டுத் திரும்பி வந்தார். ஏழு வருடத்தில் அந்தக் குளத்தில் எத்தனையோ பேர் தண்ணீரை அடித்ததைக் காஞ்சனா பார்த்திருக்கிறார். தண்ணீர் ஒருவருக்கு வழி விட்டுத் தருவதை அன்றுதான் பார்த்தார்.

மணியம்மாவுக்கு நாற்பத்து நான்கு வயது. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். காலையில் சாக்கடைக் கால்வாய், மதியம் குளத்து வளாகம். சத்தியவேட்டுப் பக்கத்து எல்லைக் கிராமத்திலிருந்து கல்யாணம் ஆகி வந்தவர்.

"எங்க கத்துக்கின?" என்று கேட்டார் காஞ்சனா.

"எங்கூர்ல கல்லு ஒடைச்ச குட்டை ஒண்ணு கீது மேடம். அதுலதான். கெணத்துல எங்களை எறங்க வுட மாட்டாங்க இல்ல?"

சாதாரணமாகத்தான் சொன்னார். மழை பெய்யாத வருடத்தைப் பற்றிச் சொல்வதைப் போல. காஞ்சனா தன் வீட்டு இரண்டு கிணறுகளையும் நினைத்தார். அதில் தன்னை மட்டும்தான் இறங்கவிடவில்லை என்று நாற்பது வருடமாக மனத்தாங்கல் வைத்திருந்தார். வேறு யாரெல்லாம் அந்தப் பக்கமே வரவில்லை என்று ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

நாளைக்கு மூன்று மணிக்கு நீயும் பெயர் எழுதி இறங்கு என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் உடனே சொல்லவில்லை. யார் என்ன சொல்வார்களோ என்று ஒரு நிமிடம் யோசித்தார். அந்த ஒரு நிமிடத்தை அவர் யாரிடமும் மறைப்பதில்லை. "ஒரு நிமிசம் யோசிச்சேன். யோசிச்சிருக்கக் கூடாது" என்று தானாகவே சொல்லிவிடுகிறார்.

பிறகு சொன்னார். மணியம்மா முதலில் நம்பவில்லை. வேலை? மூன்றுக்கு முன்னால் பாதி, நான்குக்குப் பின்னால் மீதி. நைலான் உடுப்பு இல்லையே? காஞ்சனா திருப்பதிக் கடைக்காரருக்குப் போன் செய்தார். "இன்னொரு பாப்பாவுக்கு வேணும். வயசு நாப்பத்து நாலு."

இரண்டு பேர் மூன்று மணிக்குத் தண்ணீரில் நிற்பது தெரிந்ததும், மூன்றாவதாகச் சந்தியா வந்தாள். ஓபன் ஜிம்மில் சைக்கிளில் உட்கார்ந்து மிதிக்காமல் பேச மட்டும் செய்யும் நான்கு பேர், "சும்மா பாக்கத்தான் வந்தோம்" என்று வந்து, ஒரு வாரம் சும்மா பார்த்து, இறங்கினார்கள். பிறகு ஒரு மாமியாரே வந்தார், மருமகளையும் கூட்டிக்கொண்டு. மழைக்காலத்துக்குள் பத்தொன்பது பேர். எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தது மணியம்மாதான். "மூச்ச உள்ள வெச்சிக்கோ, தண்ணி உன்ன தூக்கும். நீயா தூக்கிக்காத" என்பதுதான் மொத்தப் பாடமும். நாகேந்திரன் தன் இரண்டாவது விசிலை அவருக்குக் கொடுத்துவிட்டார். இப்போது "கீறேன்" என்று யாரும் கத்த வேண்டியதில்லை. ஆனாலும் வலைக்குள்ளிருந்து யாராவது ஒருத்தி குறும்புக்குக் கத்துவாள். வெளியே ஸ்டூலில் இருந்து "மேடம்?" என்று பதில் வரும். உள்ளே இருக்கும் எல்லோரும் சிரிப்பார்கள்.

இந்த வருடம் ஏப்ரலில்தான் அந்தக் கடிதம் வந்தது. விடிகாலையில் நீந்துகிறவர்கள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட 'விடியல் நீச்சல் நண்பர்கள்' என்ற சங்கம் அனுப்பியது. பதினோரு கையெழுத்து. மதியம் பெண்கள் நேரம் முடிந்ததும் குளத்துத் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும், சுகாதாரக் காரணங்களுக்காக. நான்கு லட்சம் லிட்டர். வீடுகளுக்கு மூன்று நாளுக்கு ஒரு முறை குழாயில் தண்ணீர் வரும் ஏப்ரல் மாதத்தில்.

நடந்தது என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். தண்ணீர் மாற்றப்படவில்லை. 'தண்ணீரின் தரம் சரியாக உள்ளது' என்று தாமோதரன் ஒரே வரியில் பதில் அனுப்பினார். பதினோரு பேரில் மூன்று பேர் பலமனேர் சாலையில் இருக்கும் ஒரு தனியார் குளத்துக்குப் போனார்கள். அதில் ஒருவர் மே மாத வெயிலில் சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டார். பெண்கள் பதிவேட்டில் இன்று முப்பத்தோரு பெயர்கள். காஞ்சனா குளத்தின் அகலத்தைக் கடந்துவிடுகிறார், நீளத்துக்கு இன்னும் வரவில்லை. மணியம்மா காலையில் கால்வாயில் நிற்கிறார், மூன்று மணிக்கு எட்டடி ஆழத்தில். இனி சொல்ல வேண்டியது அந்தக் கடிதம் வந்த மறுநாள் மட்டும்தான்.

நான்கு மணிக்குப் பெண்கள் உடை மாற்றிக்கொண்டு, ஈரத் தலையைத் துண்டில் முறுக்கியபடி வெளியே வந்த நேரம். சங்கத் தலைவர் சந்திரன் நான்கு பேரோடு வந்தார், தாமோதரனும் கூட வந்தார். சந்திரன் மாம்பழக்கூழ் ஏற்றுமதி செய்பவர். குளத்துச் சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரம் அவர் கொடுத்தது. எப்போதும் கைகூப்பித்தான் பேசுவார். அன்றும் கைகூப்பினார்.

"எங்களுக்கு யார் மேலயும் ஒண்ணும் இல்ல மேடம். ஹைஜீன், அந்தே, அவ்ளோதான். தண்ணிய மாத்த முடியலன்னா பர்லேது, போட்டும். லேடீஸ் டைம்ல யார் யார் எறங்கலாம்னு ஒரு ரூல் போட்டுடுங்க."

"யார் யாருன்னா?"

"உங்களுக்குத் தெரியாததா மேடம்? காலைல கால்வா அள்ற கை, மத்தியானம் அதே தண்ணில..."

"அதே கைதான் சார் உங்க குளத்து ஓரத்தையும் தெனம் கழுவுது."

"அது வேற மேடம்."

துண்டு முறுக்கிக்கொண்டிருந்த கைகள் நின்றன. யாரும் மணியம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருப்பதே பார்ப்பதைப் போல இருந்தது. மணியம்மா விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினார்.

"வுடுங்க மேடம். நான் நாளைலர்ந்து எறங்கல. இதுக்குப் போயி எதுக்குப் பேச்சு? எனக்கு வேலை கீது."

"நீ சும்மா இரு. விசில மாட்டு."

தாமோதரன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "மேடம், குளம் உங்க பொறுப்பு. நீங்க இன்னா சொல்றீங்களோ, அதத்தான் நான் எழுதணும்" என்றார். நழுவுகிறாரா, துணை நிற்கிறாரா என்று காஞ்சனாவுக்கு இன்றுவரை தெரியாது.

காஞ்சனா அலமாரியிலிருந்து சோதனைப் பெட்டியை எடுத்து வந்தார். விளிம்பில் மண்டியிட்டு, கண்ணாடிக் குழாயில் குளத்துத் தண்ணீரைத் தானே மொண்டார். மருந்து ஐந்து சொட்டு விட்டு ஆட்டினார். தண்ணீர் மஞ்சளாயிற்று. அட்டையில் இருந்த நிறத்தோடு சேர்த்துப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். "குளோரின் ஒண்ணரை. காலைல உங்க பேட்ச்சு எறங்கறப்ப பாத்தேன், அப்பவும் ஒண்ணரை."

சந்திரன் புன்னகை மாறாமல் சொன்னார்: "அது கெமிக்கல் மேடம். நான் சொல்றது மனசு சம்பந்தப்பட்டது. இந்தத் தண்ணில எப்படி நாங்க முகம் வைக்கிறது?"

காஞ்சனா எழுந்திருக்கவில்லை. மண்டியிட்டபடியே கண்ணாடிக் குழாயைத் தரையில் பத்திரமாக வைத்தார். குனிந்து இரண்டு கையாலும் குளத்துத் தண்ணீரை அள்ளி முகத்தில் அறைந்து கழுவினார். இன்னொரு முறை அள்ளினார். காலையில் வாய் கொப்பளிக்கிறவரைப் போல வாய் நிறைய வாங்கிக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்பக் கொப்பளித்தார். அந்தச் சத்தம் குளத்தின் நான்கு பக்கமும் கேட்டது. முழங்காலில் கையூன்றி எழுந்து, துப்புவதற்கு இடம் தேடினார். முன்னால் குளம். வடிகால் இருந்த மூலையில் சந்திரனும் அவருடைய ஆட்களும் காலணியோடு நின்றுகொண்டிருந்தார்கள். பின்னால், நான்கு மணிக்கு ஏறியதும் மணியம்மா கழுவிவிட்ட தரை, இன்னும் ஈரம் காயாமல் இருந்தது. காஞ்சனா அந்தத் தரையை ஒரு கணம் பார்த்தார். பிறகு சந்திரனின் முகத்தைப் பார்த்தபடியே விழுங்கினார்.